சுவிட்சின் மேல் கருப்பு டேப்

ஞாயிறு ஆராதனையில் திருவிருந்து அப்பமும் ரசமும் எடுத்துக்கொண்டு என் இடத்துக்குத் திரும்பியபோது, ஸ்டாண்டில் சாய்த்து வைத்திருந்த என் பேஸ் கிட்டாரின் சுவிட்ச் மேல் கருப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டியிருந்தது. குறுக்கும் நெடுக்குமாக மூன்று துண்டு. ஓரம் கிளம்பாதபடி விரலால் அழுத்தித் தேய்த்து ஒட்டியிருந்தது. நான் பீடத்தின் முன்னால் முழங்காலில் இருந்தது ஐந்து நிமிடம்கூட இருக்காது. அதற்குள் ஒருவர் கோயிலின் பின்பக்கத்திலிருந்து நடந்து வந்து, என்னைக் கேட்காமல் என் வாத்தியத்தைத் தொட்டு, அதை ஒரே நிலையில் கட்டிப்போட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

யார் என்று விசாரிக்கத் தேவையில்லை. எங்கள் கோயிலில் அந்த டேப் ஒருவரிடம்தான் உண்டு. பின்சுவரை ஒட்டிய மரத்தடுப்புக்குள், மிக்ஸர் போர்டின் முன்னால் இருபது வருடமாக உட்கார்ந்திருக்கும் சவுண்ட் அங்கிளிடம். திரும்பிப் பார்த்தேன். குனிந்து ஏதோ ஒயரைச் சரிபார்ப்பவர்போல இருந்தார். எழுந்து போய்க் கேட்டிருப்பேன். அதற்குள் பியானோ கடைசிப் பாட்டை ஆரம்பித்துவிட்டது. டேப்போடே வாசித்தேன். வாழ்க்கையில் அவ்வளவு கோபத்தோடு நான் தேவனைத் துதித்ததில்லை.

அந்த கிட்டார் என்னிடம் வந்து அப்போது எட்டு மாதம். பெங்களூர் ரிச்சர்ட்ஸ் டவுனில் இருக்கும் எங்கள் கோயிலில் பேஸ் வாசித்துக்கொண்டிருந்த தம்பி கனடாவுக்குப் போகும்போது அதை எனக்கு விற்றுவிட்டுப் போனார். எனக்கு நாற்பத்திமூன்று வயது. இளம் வயதில் வாலிபர் ஐக்கியத்தில் ஆறு கம்பி கொண்ட சாதாரண கிட்டார் வாசித்தவள். "நாலு கம்பிதான அக்கா, ரெண்டு கம்பி மிச்சம்" என்று சொல்லிக் கையில் கொடுத்தார்.

நாலு கம்பிதான். ஆனால் அந்தக் கம்பிகளுக்குக் கீழே இரண்டு பிக்கப் இருந்தன. கம்பியின் அதிர்வைப் பிடித்து ஆம்ப் என்ற ஒலிபெருக்கிப் பெட்டிக்கு அனுப்பும் காந்தச் சுருள்கள். ஒன்று கழுத்துப் பக்கம், ஒன்று கம்பிகள் முடியும் பிரிட்ஜ் பக்கம். எந்தச் சுருள் பேசவேண்டும் என்று தீர்மானிக்க மூன்று நிலைகள் கொண்ட ஒரு சிறிய சுவிட்ச். மேலே தள்ளினால் கழுத்துப் பக்கம் மட்டும், கீழே தள்ளினால் பிரிட்ஜ் பக்கம் மட்டும், நடுவில் வைத்தால் இரண்டும். முதல்முறை நான் அதைத் தள்ளியபோது ஆம்ப் கரகரவென்று கத்தியது. அவ்வளவு தூசி. நாலு வருடம் வாசித்த தம்பி அந்தச் சுவிட்சைத் தொட்டதே இல்லை என்று அப்போதே தெரிந்தது. ஏன் தொடவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

இரண்டு மாதம் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து அந்த மூன்று நிலைகளையும் படித்தேன். மேலே வைத்தால் பெரிய அண்டாவைக் கட்டைவிரலால் தட்டியதுபோல ஒரு சத்தம், கனமாக, உருண்டையாக. கீழே வைத்தால் அதே சுரம் ஜலதோஷக்காரர் கறாராகப் பேசுவதுபோல மூக்கால் வரும். ஒவ்வொரு விரல் தட்டும் தனித்தனியாகக் கேட்கும். ஊஞ்சல் மாதிரிதான். பலகைக்குப் பக்கத்தில் சங்கிலி அகலமாக வீசும், கொக்கிக்குப் பக்கத்தில் லேசாகத்தான் துடிக்கும். எந்த இடத்தில் காதை வைக்கிறோமோ அந்தச் சத்தம். நடுநிலைதான் என்னை ஏமாற்றியது. இரண்டும் சேர்ந்தால் சத்தம் கூடும் என்று எதிர்பார்த்தேன். கூடவில்லை. அடியும் நுனியும் நின்றன, வயிறு உள்ளே போய்விட்டது. மெலிந்து, சுத்தமாக, பியானோவுக்கு வழிவிடுகிற சத்தம்.

"எனக்கு எல்லாம் ஒண்ணாத்தான் கேக்குது" என்று என் கணவர் முதல் வாரம் சொன்னார். மூன்றாவது வாரம் சமையலறையிலிருந்து, "இப்ப கீழ வெச்சிருக்க, இல்ல?" என்று குரல் கொடுத்தார். சங்கீதம் தெரியாத, சட்டினி தாளித்துக்கொண்டிருந்த மனிதர். அவருக்கே கேட்டது. அதை இங்கே அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது.

என் பாட்டுத் தாள்களில் ஒவ்வொரு சரணத்தின் மேலும் பென்சிலால் மே, ந, கீ என்று குறித்துக்கொண்டேன். பழைய கீர்த்தனைகளுக்கு மே. பிள்ளைகள் கைதட்டிப் பாடும் வேகமான பாட்டுகளுக்கு கீ. தனியாக ஒரு பெண்குரல் வரும் இடங்களுக்கு ந. கோயிலிலும் அப்படியே வாசித்தேன். சரணம் மாறும்போது விரலால் ஒரு தள்ளு, அவ்வளவுதான். யாரும் நன்றாக இருக்கிறது என்று சொல்லவில்லை. பேஸ் வாசிப்பவர்களை யாரும் அப்படிப் பாராட்டுவதில்லை என்று நினைத்து விட்டுவிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் முன்வாசலில் டீயும் பன்னும் கொடுக்கும் இடத்தில் அங்கிளைப் பிடித்தேன்.

"அங்கிள், என் கிட்டார்ல டேப் ஒட்டினது நீங்களா?"

"ஆமாமா." கொஞ்சமும் தடுமாறவில்லை. "நீ அத்த நோண்டிகினே இருக்கிற. அதான் ஒரே எடத்துல நிக்கட்டும்னு ஒட்டினேன். போதகர் ஐயா ஜெபம் பண்றப்போ வண்டு சத்தம் வருதுன்னு மூணு பேர் எங்கிட்ட சொல்லிட்டாங்க."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா கேப்பியா நீ?"

"ஒரு தடவையாவது சொல்லிப் பாத்தீங்களா?"

டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, சுற்றி நின்றவர்களுக்கும் கேட்கும்படியாகச் சொன்னார். "பேஸுன்னா அஸ்திவாரம்மா. வூட்டு அஸ்திவாரத்துக்கு யாராவது வேளைக்கு ஒரு பெயிண்ட் அடிப்பாங்களா?"

சிரித்தார்கள். வாயில் பன்னை வைத்துக்கொண்டு சிரித்த ஒருவரை எனக்கு இன்றும் ஞாபகம் இருக்கிறது.

"லீட் கிட்டார் வாசிக்கிறவர் காலுக்குக் கீழ எட்டு பட்டன் வெச்சிருக்கார். சத்தத்த மாத்த பாட்டுக்கு நாலு தடவை மிதிக்கிறார். அதுல ஏன் டேப் ஒட்டல?"

"அது வேற. அவுருக்கு விஷயம் தெரியும்."

அவருக்கு விஷயம் தெரியும். எனக்குத் தெரியாது. என் பிழைப்பே கேட்பதுதான். வைட்ஃபீல்டில் ஒரு அலுவலகத்தில் தினமும் எட்டு மணி நேரம் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, வாடிக்கையாளர்களோடு எங்கள் ஆட்கள் பேசிய பதிவுகளைக் கேட்டு மதிப்பெண் போடுகிறேன். பேசுபவர் கையால் போனை மூடிக்கொண்டு பக்கத்து ஆளிடம் முணுமுணுத்தாலும் கண்டுபிடித்துவிடுவேன். சாயங்காலம் மெட்ரோவில் நின்றபடியே பாட்டுகளில் பேஸ் எங்கே போகிறது என்று கேட்டுக்கொண்டு வருவேன். அந்தக் காதைப் பற்றித்தான் அந்த மனிதர் டீ குடித்துக்கொண்டே தீர்ப்புச் சொன்னார்.

போதகரிடம் போனேன். நல்லவர், இளையவர், எல்லோரையும் சமாதானப்படுத்தி அனுப்புவதிலேயே வாரத்தைக் கழிப்பவர். முழுவதும் கேட்டார். பிறகு, "அங்கிள் இருபது வருஷமா ஊழியம் மாதிரி செய்றார், சிஸ்டர். சொல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்களேன்" என்றார்.

"டேப்போட வாசிக்கச் சொல்றீங்களா, ஐயா?"

"அப்படிச் சொல்லல. மனசுல வெச்சிக்காதீங்கன்னு சொல்றேன்."

மனசில் வைக்காமல் வேறு எங்கே வைப்பது? வீட்டுக்கு வந்து டேப்பைப் பிய்த்தேன். பிசின் அப்படியே நின்றது. என் கணவர் தேங்காய் எண்ணெயைத் தொட்டுத் தொட்டுப் பொறுமையாகத் தேய்த்து எடுத்தார். "அந்த வண்டு சத்தம் நெஜமாவே வருதா?" என்று அவர்தான் கேட்டார். கோபத்தில் எனக்கு அந்தக் கேள்வி தோன்றவே இல்லை.

வந்தது. போதகரின் நிறைவு ஜெபத்தின்போது பியானோவும் நானும் அடியில் மெல்ல வாசித்துக்கொண்டிருப்போம். ஒரு சுரம், இடைவெளி, அடுத்த சுரம். அந்த இடைவெளிகளில் ஆம்ப்பிலிருந்து ங்ங்ங் என்று ஒரு முனகல் இருந்தது உண்மைதான். நான் பழகிப்போய்விட்டிருந்தேன். இது என் தவறு, ஒத்துக்கொள்கிறேன். கிட்டாரைச் சமையலறை டியூப் லைட்டுக்குக் கீழே கொண்டுபோய்ச் சுவிட்சை ஒவ்வொரு நிலையாகத் தள்ளிப் பார்த்தேன். மேலே வைத்தால் முனகல். கீழே வைத்தால் முனகல். நடுவில் வைத்ததும் வெட்டியதுபோல நின்றது. இரண்டு மூன்று தடவை தள்ளிப் பார்த்தேன். பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். இந்த வகை கிட்டாரில் இரண்டு சுருள்களையும் ஒன்றுக்கொன்று எதிராகச் சுற்றியிருப்பார்கள். இரண்டும் சேர்ந்து பேசும்போது வெளியிலிருந்து வரும் மின்சார இரைச்சலை ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். தனியாக விட்டால் இரண்டுமே முனகும்.

அங்கிள் டேப் போட்டது மேல் நிலையில். அதாவது வண்டை விரட்டுகிறேன் என்று சொல்லி, வண்டை வீட்டுக்குள் விட்டுக் கதவைப் பூட்டியிருக்கிறார். அன்றைக்குக் கடைசி ஜெபத்தில் அதே முனகல் இருந்தது, நான் டேப்போடுதான் வாசித்தேன். அவர் அதைக்கூடக் கவனிக்கவில்லை. இது தெரிந்த பிறகு எனக்கு இரட்டிப்புக் கோபம்.

சனிக்கிழமை ஒத்திகைக்குச் சீக்கிரமே போனேன். எங்கள் டிரம்ஸ் வாசிப்பவரும் வந்திருந்தார். ஆனேக்கல் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியை, சனிக்கிழமை வகுப்பு முடிந்ததும் பஸ் பிடித்து நேராகக் கோயிலுக்கு வருவார். எனக்கு நடந்தது அவருக்கும் தெரியும். டேப்பைப் பார்த்த அன்றே, "என் டிரம்ல கை வெச்சிருந்தா குச்சியாலயே ஒண்ணு போட்டிருப்பேன்" என்று சொன்னவர்.

"அங்கிள், வண்டு எங்க இருக்குன்னு காட்டறேன். அஞ்சு நிமிஷம் குடுங்க" என்றேன்.

"காட்டு, காட்டு" என்று தடுப்புக்குள் போய் உட்கார்ந்தார்.

"மத்த எல்லாத்தையும் மூடிட்டு பேஸ மட்டும் ஏத்துங்க."

"ஏத்திட்டேன்."

வாசித்தேன். என் காலடியில் இருந்த சின்ன ஆம்ப்பிலிருந்து சத்தம் வந்தது. தூண்களில் மாட்டியிருந்த பெரிய ஸ்பீக்கர்களிலிருந்து ஒன்றும் வரவில்லை. பின்வரிசைக்குப் போய் நின்ற டிரம்ஸ் ஆசிரியை, "அக்கா, இங்க ஒண்ணுமே வரலயே" என்றார். பிறகு அங்கிளின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். பார்த்தவர் அப்படியே நின்றார். "அக்கா, நீங்க இங்க வாங்க."

போய்ப் பார்த்தேன். போர்டில் ஒவ்வொரு வாத்தியத்துக்கும் மேலே கீழே தள்ளும் ஒரு குமிழ். அதன் அடியில் வெள்ளைப் பிளாஸ்திரியில் பெயர். ஏற்றிவிட்டதாக அவர் சொன்ன, 'பேஸ்' என்று எழுதியிருந்த குமிழ் அடிமட்டத்தில் கிடந்தது. அதன் மேல் கருப்பு டேப். புதியது அல்ல. தூசி படிந்து, ஓரம் சாம்பல் நிறமாகி, சுருண்டிருந்தது.

"இது எப்ப ஒட்டினது, அங்கிள்?"

"அது ஆச்சுமா, நாலு வருஷத்துக்கு மேல." இப்போதுதான் முதன்முறையாகக் குரல் இறங்கியது. "முன்ன வாசிச்ச தம்பி இருக்கிறப்போ ஜன்னல் கண்ணாடி அதிருதுன்னு கம்ப்ளெயிண்ட் வந்துச்சு. கொஞ்ச நாளைக்கு மூடி வெப்போம்னு மூடினேன். யாரும் ஒண்ணும் கேக்கல. அப்படியே வுட்டுட்டேன்."

"அப்போ நான் வந்த எட்டு மாசமா?"

"உன் ஆம்ப்பு சத்தம் முன்னாடி ரெண்டு மூணு வரிசைக்குக் கேக்குமே."

இருநூறு பேர் உட்காரும் கோயில். பென்சிலால் ஒவ்வொரு சரணத்துக்கும் குறித்துக்கொண்டு, சரியான இடத்தில் சரியான நிலைக்குத் தள்ளி நான் வாசித்தது இரண்டு மூன்று வரிசைக்கு. அதிலும் முன்வரிசையில் உட்காருபவர்கள் பாதிப்பேர் காது மந்தமான முதியவர்கள். அப்படியிருக்க, "நோண்டிகினே இருக்கிற" என்று என்மேல் குற்றம். வெளியே விடாத ஒரு சத்தத்தின் சுவிட்சுக்கு டேப்.

"பேஸே வெளிய போகலன்னா வண்டு மட்டும் எப்படிப் போகும்?" என்று ஆசிரியை கேட்டார். அது சரியான கேள்வி. மூவரும் முன்னால் நடந்தோம். என் ஆம்ப்புக்கு இரண்டடி தூரத்தில் போதகரின் ஜெப மேடை. மேடையில் மைக். அந்த மைக்தான் என் ஆம்ப்பின் முனகலைப் பிடித்துக் கோயில் முழுக்க அனுப்பிக்கொண்டிருந்தது. என் வாசிப்பில் ஊரெல்லாம் கேட்டது அந்த முனகல் மட்டும்தான்.

அங்கிளைத் திரும்பப் போய் மைக்கைத் திறக்கச் சொல்லிவிட்டுச் சுவிட்சை மேலே தள்ளினேன். ங்ங்ங். கீழே. ங்ங்ங். நடுவில். அமைதி. இன்னொரு முறை செய்து காட்டினேன். அங்கிள் கடைசியில் சொன்னார்: "அப்போ எப்பவும் நடுவுலயே வெச்சிக்கோ."

எனக்கு அப்போது வந்த கோபத்தை இப்போது நினைத்தாலும் காது சூடாகிறது.

"மாட்டேன், அங்கிள். ஜெபத்துக்கு நடுவுல வெப்பேன். ஆம்ப்பைத் தள்ளி வெப்பேன். பாட்டுக்கு எங்க வெக்கணும்ங்கறத நான் பாத்துக்கறேன். அது என் வேலை. சத்தத்த வெளிய அனுப்பறது உங்க வேலை. நாலு வருஷமா நீங்க உங்க வேலையச் செய்யல, என் வேலையச் செஞ்சிருக்கீங்க."

"சின்னவங்க பெரியவங்கன்னு இல்லாம பேசுற."

"என் பொருள்ல டேப் ஒட்டறப்போ பெரியவங்களா நடந்துக்கிட்டீங்களா?"

டிரம்ஸ் ஆசிரியை யாரையும் கேட்காமல் தடுப்புக்குள் போய் அந்தப் பழைய டேப்பை உரித்தார். குமிழ் இறுகிப்போயிருந்தது. இரண்டு விரலால் பிடித்து அசைத்து அசைத்து மெல்ல ஏற்றினார். நான் முன்னால் போய் ஒரு கீர்த்தனையின் முதல் வரியை மேல் நிலையில் வாசித்தேன். தூண்களிலிருந்து வந்தது. பெஞ்சுகளின் அடியிலிருந்து வருவதுபோல இருந்தது. அடுத்த வரியைக் கீழ் நிலையில். ஒவ்வொரு தட்டும் பின்சுவரில் பட்டுத் திரும்பியது. எட்டு மாதத்தில் முதல்முறையாக என் சத்தத்தை நானே கோயிலில் கேட்டேன். சந்தோஷப்பட்டிருக்கவேண்டிய நேரம். எனக்கு அழுகையும் ஆத்திரமும்தான் வந்தது. அங்கிள் என்னைப் பார்க்கவில்லை, ஜன்னல் கண்ணாடிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் அதிரவில்லை.

அன்றைக்கே கனடாத் தம்பிக்கு விஷயத்தை எழுதினேன். பாவம், நாலு வருடம் வாசித்ததை யாரும் கேட்கவே இல்லை என்று தெரிந்தால் வருத்தப்படுவாரே என்று யோசித்து, நாலு முறை திருத்தி எழுதினேன். ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது. "தெரியும் அக்கா. முதல் வருஷமே தெரியும். எதுக்குப் பிரச்சினைன்னு விட்டுட்டேன். எப்படி வாசிச்சாலும் ஒண்ணுதானே." கூடவே ஒரு சிரிப்புப் பொம்மை.

அங்கிள்மேல் வந்ததைவிட அதிகமான கோபம் அந்தச் சிரிப்புப் பொம்மையின்மேல் வந்தது. தெரிந்திருக்கிறது. தெரிந்தும் எனக்கு விற்றிருக்கிறார், ஒரு வார்த்தை சொல்லாமல். அவர் பிரச்சினை வேண்டாம் என்று விட்டதுதான் நாலு வருடத்தில் சட்டமாகி என் தலையில் விழுந்தது. பொறுமை நல்ல குணம் என்று பிரசங்கத்தில் கேட்டிருக்கிறேன். அவருடைய பொறுமையின் பலனை அனுபவித்தவள் நான். பதில் எழுதவில்லை.

மறுநாள் ஆராதனையில் பேஸ் கேட்டது. ஒரு அம்மா வந்து, "இன்னிக்கு என்னமோ நெஞ்சுக்குள்ள தட்டுதுமா, கொஞ்சம் கம்மி பண்ணேன்" என்றார். பின்வரிசையில் உட்காரும் ஆட்டோ ஓட்டுநர் ஒருவர் தேடி வந்து, "பாட்டு இன்னிக்கு நிமிந்து நின்னுச்சு சிஸ்டர்" என்றார். ஜெபத்தில் முனகல் இல்லை. இதோடு முடிந்திருந்தால் நானும் ஆறியிருப்பேன். அறிவிப்புகள் வாசிக்கும் நேரத்தில் போதகர் எழுந்து, "இன்றைக்கு ஒலி மிகவும் நன்றாக இருந்தது. கடினமாக உழைத்து ஒலி அமைப்பைச் சரிசெய்த நம் அங்கிளுக்குச் சபையின் சார்பில் நன்றி" என்றார். சபை கைதட்டியது. அங்கிள் தடுப்புக்குள் எழுந்து நின்று, கைகூப்பி, அந்தக் கைதட்டலை முழுசாக வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார். நான் கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு அதைப் பார்த்தேன். என் கணவர் பெஞ்சிலிருந்து என்னைப் பார்த்து, வேண்டாம் என்பதுபோல லேசாகத் தலையசைத்தார்.

அன்றைக்குச் சும்மா இருந்தேன். அடுத்து வந்த பாடகர் குழுக் கூட்டத்தில் அப்படிச் சும்மா இருக்கவில்லை. நடந்ததை முதலிலிருந்து கடைசிவரை எழுந்து நின்று சொன்னேன். இரண்டு டேப்புகளையும் சொன்னேன். டிரம்ஸ் ஆசிரியை சாட்சி சொன்னார். லீட் கிட்டார் வாசிப்பவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு மன்னிப்பு வேண்டாம், குழுவின் மினிட்ஸ் புத்தகத்தில் ஒரு வரி எழுதினால் போதும் என்றேன்: ஒருவருடைய வாத்தியத்தை அவரைக் கேட்காமல் மற்றவர் தொடக்கூடாது.

போதகர் தானே பேனாவை எடுத்து எழுதினார். எழுதியதை வாசிக்கச் சொன்னேன்.

"ஒருவருடைய வாத்தியத்தை அவரைக் கேட்காமல் மற்றவர் இயன்றவரை தொடக்கூடாது."

"இயன்றவரை எதுக்கு, ஐயா?"

"கொஞ்சம் மென்மையா இருக்கட்டும்னு, சிஸ்டர்."

"அடிச்சிடுங்க."

போதகர் என்னைப் பார்த்தார், அங்கிளைப் பார்த்தார். போதகர் அந்த ஒரு சொல்லை மட்டும் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சிறிதாகக் கையெழுத்திட்டார். பிறகு புத்தகம் சுற்றி வந்தது. ஒவ்வொருவராகக் கையெழுத்துப் போட்டார்கள். அங்கிள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்த வரியை இரண்டு முறை வாசித்தார். தன் சட்டைப் பையைத் தடவிப் பார்த்துவிட்டு, "பேனா குடுமா" என்று என்னிடம் கேட்டு வாங்கிப் போட்டார்.

மன்னிப்பு என்ற சொல் அவர் வாயிலிருந்து இன்றுவரை வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை பார்த்தால் தலையசைப்பார், நானும் அசைப்பேன். பேஸ் குமிழை ஒவ்வொரு வாரமும் எவ்வளவு ஏற்றியிருக்கிறார் என்று ஆசிரியை போய்ப் பார்த்துவிட்டு வந்து விரலால் எனக்குக் காட்டுகிறார். போன வாரம் கொஞ்சம் இறங்கியிருந்தது. நான் கிட்டாரைக் கழற்றி வைத்துவிட்டு, எல்லோரும் பார்க்கப் பின்சுவர்வரை நடந்துபோய், ஏற்றச் சொன்னேன். ஏற்றினார்.